இரண்டாம் சுற்று

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் நோயாளிகள் சொல்வதை எழுதும் இந்த வேலையை என்னிடம் கொடுத்தீர்கள், டாக்டர். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே தெளிவாகும். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். எங்காவது பிசகினால் திருத்துங்கள். எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

மைக்கறைச் சோதனை இரண்டு சுற்று. முதலில் மைக்கறை படிந்த அட்டைகளைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டு எழுதுவோம். பிறகு அதே அட்டைகளைத் திரும்பக் காட்டி, எதை வைத்து அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்போம். இந்த இரண்டாம் சுற்றில் கிடைக்கும் காரணத்தைப் பொறுத்துத்தான் மதிப்பெண் ஏறும், இறங்கும்.

தையல்கார அக்கா நம் மனநல வார்டுக்கு வந்தபோது தூக்கமில்லாமல் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். பிறகு தேறிவிட்டார். மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது என் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்வார். திரும்பவும் பார்க்கும்போது, "நேத்து என்ன பாடம் கண்ணு?" என்பார். சொல்வேன். "இப்படியே போனா உன் பரீட்சையை நான் எழுதிடுவேன் போல" என்று சிரிப்பார். எங்கள் வீட்டில் நான் என்ன படிக்கிறேன் என்றுகூட யாருக்கும் தெரியாது.

அவர் மகள் நிறைமாதம். சோதனை சரியாக வந்தால் பிரசவத்துக்கு முன் வீட்டுக்கு அனுப்பலாம் என்றீர்கள்.

சிவப்புக் கறை உள்ள அட்டைக்கு அவர் சொன்னது: "ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறாங்க. நடுவுல கிழியுது. ஒரே சிவப்பு." எழுதினேன்.

இரண்டாம் சுற்றில் காரணம் கேட்டேன். கேட்காமல் விடவில்லை. "துணிதான் கண்ணு. எங்க பட்டறையில சேலைத்துணிய கத்தரியால வெட்ட மாட்டோம், கோணிடும். ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு போட்டுட்டு ரெண்டு பேரா பிடிச்சு கிழிப்போம். நூல் பிடிச்சு நேரா வரும். சிவப்புத் துணின்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும்." கையை விரித்து அந்தரத்தில் கிழித்தும் காட்டினார்.

எவ்வளவு அழகான பதில். நான் எழுதியது: 'விளக்கம் தரவில்லை.' மற்ற அட்டைகளுக்கும் அப்படியே. பொய்யாக ஒரு பதிலையும் சேர்க்கவில்லை. கூட்டிப் பார்த்தால், நிஜத்தோடு பிடிப்பு இல்லாத, வன்முறை நிறைந்த மனம் என்று வந்தது. கூட்டலில் தவறு இருக்குமோ என்று மறுபடி சரிபார்த்தேன். தவறு இல்லை.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

மகள் தனியாகவே பிள்ளை பெற்றாள். குழந்தை தங்கவில்லை. அதன் பிறகு அவள் அம்மாவைப் பார்க்க வருவதில்லை. செய்தியை அக்காவிடம் சொன்னதும் நான்தான். அவர் அழவில்லை. "நான் தப்பா ஏதாச்சும் சொல்லிட்டேனா கண்ணு? என்ன சொல்லியிருக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

போன வாரம் நீங்களே சோதித்தீர்கள். எல்லா அட்டைக்கும் "மை" என்றாராம். காரணம் கேட்டதற்கும் "மை." அதனால்தான் பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், நான்தான். வேண்டுமென்றே செய்தேன். அவர் வீட்டுக்குப் போய்விட்டால், நேற்று என்ன பாடம் என்று என்னைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

நேற்றும் அவர் கட்டிலருகே உட்கார்ந்து பாடத்தைச் சொன்னேன். அவராக என்ன பாடம் என்று கேட்கவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பவும் இல்லை. அவருக்கு என் துணை தேவைப்படுகிறது, டாக்டர். அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.