நாலாயிரம் வாசிப்புகள்

மதியச் சாப்பாட்டை நான் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். நூலகத்தில் மற்றவர்கள் ஊர்க்கதை பேசி ஒரு மணி நேரம் சாப்பிடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. மீதி ஐம்பது நிமிடம் எனக்குத் தேவைப்பட்டது.

விசாரணைக் குழுவினராகிய நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் அழைத்திருக்கிறீர்கள். நூலகர் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் பல்கலைக்கழகம் வாங்கும் ஆய்விதழ்களில் விலை உச்சத்தில் இருப்பது மண்ணியல் இதழ். நம் பேராசிரியர்கள் எழுதுகிறார்கள், நம் பேராசிரியர்களே சம்பளமில்லாமல் சரிபார்க்கிறார்கள், பதிப்பகத்தார் அதை நம்மிடமே விற்கிறார்கள். நம் அடுப்பில் நாம் சமைத்ததை நமக்கே விற்கிற சாமர்த்தியம். விலையை ஏற்றும்போது வாழ்த்து அட்டை வேறு அனுப்புவார்கள்.

என் உதவியாளருக்கு இது பொறுக்கவில்லை. கெட்டிக்காரப் பெண்.

"சார், இதுக்குப் போய் இவ்வளவு கொட்டிக் கொடுக்கணுமா? எழுதினவங்களுக்கே ஒரு மெயில் போட்டா கட்டுரையைச் சந்தோஷமா அனுப்பி வைக்கிறாங்க. இந்த மாசம் பதினோரு பேருக்கு ஓசியிலேயே வாங்கிக் கொடுத்துட்டேன்" என்றாள்.

"நல்லதும்மா. வருஷக் கடைசில பார்க்கலாம்" என்றேன்.

வருடக் கடைசியில் பார்ப்பது, இதழை எத்தனை முறை திறந்தார்கள் என்பதைத்தான். குறைந்தால் சந்தாவை வெட்டிவிடுவீர்கள். முந்தைய வருடம் ஆறே முறை திறந்திருந்தார்கள். ஆகவே நான் திறந்தேன். ஒரே கட்டுரையை, நாளுக்குப் பதினாறு முறை. அதற்கு மேல் போனால் பேராசை. ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கம் வரை போவேன். அரைகுறையாகத் திறந்து மூடுவது மோசடி அல்லவா?

என் கணினி மெதுவானது. அவள் தன் கணினியைப் பூட்டாமல் சாப்பிடப் போவாள். அதில் செய்தேன்.

ஒரே கணினியில் நாலாயிரம் முறை என்றதும், யாரோ திருடி விநியோகிக்கிறார்கள் என்று பதிப்பகம் புகார் கொடுத்தது. ஓசி, ஓசி என்று பேசுகிறவள்தானே என்று நீங்கள் அவளைச் சந்தேகப்பட்டீர்கள். நான் மறுக்கவில்லை. அவளை வேலையிலிருந்து நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது.

நேற்று தொலைபேசியில் அழைத்தாள். "சார், நான் அப்படிச் செய்ய மாட்டேன்னு உங்களுக்காவது தெரியும்ல?"

"தெரியும்மா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் மனசு கேட்காமல்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

எந்தக் கட்டுரை என்று கேட்கிறீர்கள். களிமண் காய்ந்து வெடிப்பதைப் பற்றியது. பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு வந்தது. எழுதியவன் நான். நூலகத்துக்கு வருமுன் மண்ணியல் படித்தவன். எழுதியது அது ஒன்றுதான். கேட்டிருந்தால் நானும் சந்தோஷமாகத்தான் அனுப்பியிருப்பேன். ஒருவர்கூட மெயில் போடவில்லை.

அவளுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். சந்தாவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஒரே வருடத்தில் நாலாயிரம் முறை வாசிக்கப்பட்ட கட்டுரை, வாசகர்கள் ஏமாந்துபோவார்கள்.