அணிக்கு ஒரு மருத்துவர்

மைக் கைக்கு வந்தும் மூன்றே வரியில் பேச்சை முடித்துக்கொண்ட அரும்பெரும் அவைத்தலைவர் அவர்களே! இத்தனை படிகளையும் ஏறி, மூச்சு வாங்க வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளை எந்நேரமும் துப்பாக்கியும் கையுமாகத் திரைமுன் கிடக்கிறானே என்று திட்ட வந்து, இன்று தாங்களே அணி கட்டி ஆடிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! வென்றால் தங்கள் விரலையும், தோற்றால் கடைக்காரர் கொடுத்த மவுசையும் காரணம் காட்டும் தம்பி தங்கைகளே! எல்லோரையும் வணங்கி, வளவளக்காமல் தொடங்குகிறேன்.

பகலில் கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் தொழில். மாலையில் இந்தக் கணினி ஆட்ட லீக்கின் விதிக்குழுவுக்குத் தலைவி. பகலில் கடைக்காரர்கள் என்னை முறைப்பார்கள், மாலையில் நீங்கள் முறைப்பீர்கள். பழகிவிட்டது.

இன்னும் சற்று நேரத்தில் இறுதிப்போட்டி. அதற்கு முன், சில அணிகளின் கோரிக்கைக்கு நான் பதில் சொல்ல வேண்டும். 'அணிக்கு ஒரு மருத்துவர்' என்ற விதியை எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். கடைசி வரிசையில் கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், தட்டுங்கள், இப்போதே தட்டிவிடுங்கள்.

ஆட்டம் அறியாதவர்களுக்காக ஒரு சொல். அணிக்கு ஆறு பேர். ஓடிச் சுடுபவர், ஒளிந்து சுடுபவர், பீரங்கி சுமப்பவர் என்று ஆளுக்கொரு வேடம். மருத்துவர் வேடத்துக்குத் துப்பாக்கி பெயருக்குத்தான். அவருடைய ஆயுதம் ஓர் ஊசி. அடிபட்டவரைத் தேற்றும், சில நொடிகள் குண்டே துளைக்காத கவசமும் போடும். போட்டபின் அந்த ஊசியில் மருந்து மீண்டும் நிறைவதற்கு நேரமாகும். ஒரு மருத்துவர் இருந்தால் இது உதவி. இருவர் இருந்தால்? அவர் ஊசி தீரும்போது இவர் ஊசி நிறைந்திருக்கும். இவர் தீர்ந்தால் அவர் தயார். பிறகு யார் சாவது? எப்போது சாவது? ஆட்டம் எப்போது முடிவது? நாங்கள் எப்போது வீட்டுக்குப் போவது?

தானே குறிதேடிப் பாயும் துப்பாக்கியை முன்பு தடுத்தோம். ஒருவரும் அழவில்லை. அதைத் தூக்கியவருக்குக் கண்ணே தேவைப்படவில்லை, அவ்வளவுதான் காரணம். ஆனால் இரண்டு மருத்துவர்கள் விஷயத்தில் எனக்குக் கை எளிதில் எழவில்லை. ஏன் தெரியுமா? இந்த லீக்கில் யாராலும் சாய்க்க முடியாத அந்த இரட்டை மருத்துவர்கள் என் தங்கையும் அவள் கணவரும்.

இதைச் சொல்ல அனுமதி வாங்கிவிட்டேன். தங்கையைக் கேட்டால், அவர்கிட்ட கேட்டியா அக்கா என்றாள். மாப்பிள்ளையைக் கேட்டால், அவகிட்ட கேட்டீங்களா என்றார். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பதுதான் என் கதை.

தங்கை லிஃப்ட் பழுது பார்ப்பவள். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான். ஆனால் ஒருநாள், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், கடையை ஊரின் மறுகோடிக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். தங்கை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அவரும் வீராப்பாக நிறுத்திவிட்டார். மேசையில் சாப்பாடு இருக்கும், ஆள் இருக்காது. நான் போனால் இருவரும் என்னிடம் மட்டும் பேசுவார்கள். வீட்டில் மாடி விளக்கு எரிகிறது என்பதைக்கூட என் வழியாகச் சொல்லிக்கொண்டார்கள் என்றால் பாருங்களேன்!

ஆனால் ஆட்டத்தில்? விதிக்குழு என்பதால், ஹெட்போனில் அணிகள் பேசும் பேச்சின் பதிவைக் கேட்பது என் வேலை. கேட்டேன், அசந்துபோனேன். "பின்னாடி வாங்க, உயிர் குறையுது" என்கிறாள் இவள். "நான் இருக்கேன், நீ போ" என்கிறார் அவர். ஒரு முறை, எதிரி வர நேரமாகும் இடைவெளியில், மெல்லக் கேட்டார்: "சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் என்றாள். அவ்வளவுதான். அடுத்து வெடிச்சத்தம்.

அந்தப் பதிவை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர்களுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரே இடம்.

இந்த நிலையில்தான் விதி வாக்குக்கு வந்தது. குழுவில் இரண்டு பேர் இந்த விதி வேண்டும் என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். மீதி நான். அக்காவாக வாக்களிப்பதா? தலைவியாக வாக்களிப்பதா? என் தங்கை வீட்டுக்காக எல்லா அணியும் சலித்துப் போவதா? சாயும் தராசுத் தட்டைக் கண்ணால் கண்டபின், சொந்தக்காரர் கடை என்று முத்திரை வைத்துவிட்டு வரலாமா? கை தூக்கினேன். அணிக்கு ஒரு மருத்துவர்.

அடுத்த போட்டி வந்தது. நம் லீக்கில் வேடம் எடுக்கும் நேரத்தில் மைக் மூடியிருக்கும், ஒருவர் எடுத்தது மற்றவருக்குத் தெரியாது. முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அவர்கள் அணித்தலைவர் பேக்கரிக்காரர், உங்களுக்குள் பேசி ஒருத்தர் எடுங்க என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். யார் பேசியது? எங்கே பேசியது?

திரை விலகியது. தங்கை ஒளிந்து சுடுபவள். மாப்பிள்ளை பீரங்கிக்காரர். மருத்துவர்? மருத்துவரே இல்லை! ஆறு பேரும் சுடுகிறார்கள், ஊசி போட ஆளில்லை. சிரிக்கிறீர்கள், அன்றும் இப்படித்தான் சிரித்தீர்கள். தொடங்கிய வேகத்தில் தோற்றார்கள்.

நான் படிக்கட்டின் மேல் நின்றிருந்தேன். கீழே, தண்ணீர்க் குழாய் பக்கத்தில், ஹெட்போன் இல்லாத அவர்கள் குரலைக் கேட்டேன்.

"நீங்க எடுப்பீங்கன்னுதான் நான் விட்டுட்டேன்."

"உனக்குத்தான் அது பிடிக்கும், நீயே எடுத்துக்கோன்னு நான் விட்டேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

மாப்பிள்ளை குழாயை இறுக்கி மூடினார். பிறகு சொன்னார்: "கடைய மாத்துறப்பவே கேட்டிருக்கணும். தப்புதான்."

தங்கை அழுதாள். மேலே நானும் அழுதேன். கீழே தெரியக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அன்பர்களே! இருவருக்கும் ஊசி இருந்தபோது அவர்கள் ஒருவரை ஒருவர் காத்தார்கள். ஆனால் எதையும் கேட்டுக்கொள்ளத் தேவைப்படவில்லை. ஒன்றே ஒன்று என்று ஆனபோது கேட்டாக வேண்டியதாயிற்று. நீ எடுக்கிறாயா, நான் எடுக்கட்டுமா? அணி என்பது இந்தக் கேள்வியில் தொடங்குகிறது. எல்லோரிடமும் எல்லாம் இருந்தால் அது ஆறு பேர் கூடி நிற்கும் வரிசை. ஆகவே விதி நிற்கிறது. என் வாக்கும் நிற்கிறது.

இன்றைய இறுதியிலும் அவர்கள் ஆடுகிறார்கள். மூன்றாம் வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் தங்கையே, பக்கத்தில் தலைகுனிந்து சிரிக்கும் மாப்பிள்ளையே, அவை அறியக் கேட்கிறேன், இன்று யார் மருத்துவர்?

பாருங்கள், இவள் அவரைக் கைகாட்டுகிறாள், அவர் இவளைக் கைகாட்டுகிறார்! எழுந்து வெளியே போய்ப் பேசி முடித்துவிட்டு வாருங்கள். நீங்கள் வரும்வரை ஆட்டத்தைத் தொடங்க மாட்டேன். பொறுத்துக் கேட்ட அவைக்கு என் நன்றி, காத்திருக்கப்போகும் எதிரணிக்கு என் தனி வணக்கம்.