செவ்வந்தி பம்ப்புக்கு வந்த புதுப் பேர்

அவிநாசி பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்த இளையவள் சொன்னாள்:

“எங்க கம்பெனி இத்தாலிக்காரி ஆயிருச்சுங்க்கா. செவ்வந்தி பம்ப்ஸ்ங்கிற பேரைச் ‘செவாந்தே’ன்னு மாத்திப்போட்டாங்க. பேரு வெளிநாட்டாட்டம் இருக்கோணுமாமா.”

“உனக்கென்ன கண்ணு அதுல?”

“போனை எடுத்தா அந்தப் பேரைத்தான் சொல்லோணுமுங்க. நேத்து ஒரு விவசாயி மூணு தடவை கூப்பிட்டு, ராங் நம்பர்னு வெச்சுப்போட்டாரு. நாலாவது தடவை, ‘வெச்சுப்போடாதீங்க, செவ்வந்தி தானுங்க!’ன்னு கத்திப்போட்டேன். மோட்டார் ஓடாம அவரு வாழையெல்லாம் வாடுதாமா. உடனே மெக்கானிக்கை அனுப்பிப்போட்டுத் திரும்பினா, பின்னால மேனேஜரு.”

“ஐயோ! திட்டினாரா?”

“இல்லீங்க்கா. ‘எங்கப்பாவும் காத்தாலருந்து ஆபீஸுக்குக் கூப்பிட்டு அப்படித்தான் வெச்சுப்போடறாரு. நீ பழைய பேரையே சொல்லு அம்மணி, ஆனா மெதுவாச் சொல்லு’ன்னாரு.”