முதுகு காட்டிய பெஞ்சு

மேடையின் நடுவில் வீற்றிருந்து, என் பேச்சு எல்லை மீறினால் மேசையில் தட்டுவதற்கென்றே கையில் சமையல் கரண்டியோடு காத்திருக்கும் வில்பர் தெரு அண்டைவீட்டார் சங்கத்தின் தலைவி, பெருமதிப்பிற்குரிய திருமதி எர்னஸ்டீன் போல்டன் அவர்களே. எங்கள் தெருவை நம்பி மானியம் கொடுத்துவிட்டு, நம்பியது சரிதானா என்று நேரில் பார்க்க வந்திருக்கும் கலை அறக்கட்டளையின் அம்மையார் அவர்களே. ஞாயிறுதோறும் எங்களைத் திருத்தி, திங்கள்தோறும் தோற்றுப்போகும் போதகர் அவர்களே. இரும்பை இணைத்து இணைத்து இடுப்பு ஒடிந்த வெல்டிங் வித்தகர், நம் தேவாலயத்தின் டீக்கன் ஹோரஸ் ட்வைமன் அவர்களே. செத்த சுவரைச் சிரிக்க வைத்த ஓவியர் ஷரோண்டா கீஸ் அவர்களே. எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்று எங்களுக்காக மீன் வறுத்து, வியர்வை துடைக்கவும் நேரமில்லாமல் வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே. முதல் வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கி உட்கார்ந்திருக்கும் மிஸ் ஓர்லீன் பிக்கெட் அவர்களே. உருளைக்கிழங்கு சாலட்டில் உலர்ந்த திராட்சையைப் போட்டுவிட்டு, இன்னும் ஒப்புக்கொள்ளாமல் உங்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் அந்த ஊர் பேர் தெரியாத குற்றவாளி அவர்களே. உங்கள் அனைவரின் பாதங்களுக்கும் இந்த லியோடிஸ் கிராண்ட்பெரியின் மாலை வணக்கம்.

இருபத்தொன்பது ஆண்டுகள் முப்பத்தெட்டாம் எண் பேருந்தை ஓட்டியவன் நான். ஒலிவாங்கி எனக்குப் புதிதல்ல. ஆனால் அதில் ‘அடுத்த நிறுத்தம்’ என்பதைத் தாண்டி இதுவரை எதுவும் பேசியதில்லை. ஆகவே பேச்சு எங்காவது குலுங்கினால் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு செய்தி. நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தபடி, சாலைக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறீர்கள். சாலையைப் பார்த்து நிற்பவன் நான் ஒருவன்தான். நான்கு பத்துக்கு முப்பத்தெட்டு வரும். மிஸ் ஓர்லீன் அதில் ஏறி டயாலிசிஸுக்குப் போக வேண்டும். அதற்குள் நான் முடித்தாக வேண்டும்.

“அப்ப இப்பவே முடிச்சிரேன்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. என் காதில் விழுந்தது டீக்கன் அவர்களே, நன்றாகவே விழுந்தது. உங்கள் பெருமைக்கும் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அன்பார்ந்தவர்களே, ஓராண்டுக்கு முன்னால் இந்த மூலை எப்படி இருந்தது? விளக்கு இருந்ததா? கம்பம் இருந்தது. மருந்துக்கடை இருந்ததா? பெயர்ப்பலகை இருந்தது. பஸ் நிறுத்தம் இருந்ததா? இருந்தது ஐயா, நிற்பதற்குத்தான் ஆள் இல்லை. ஒரே வசந்தத்தில் இரண்டு கைப்பைகள் பறிபோன மூலை இது. பஸ் நிறுத்தப் பலகைக்குக் கீழே நிற்கப் பயந்து, முப்பது அடி தள்ளி மூடிக்கிடந்த மருந்துக்கடையின் வாசலில் ஒண்டிக்கொண்டு, பஸ் தலை தெரிந்ததும் ஓடிவருவார்கள் நம் பெண்கள். வராந்தாவில் உட்கார்ந்தவர்கள் நாற்காலியை உள்ளே இழுத்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் கதவு மூடியது, திரை விழுந்தது, டிவி சத்தம் ஏறியது. ஒருவரை ஒருவர் பார்ப்பதே நின்றுபோனது.

போன நவம்பரில் பஸ் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. ஆள் ஏறாத நிறுத்தம் எதற்கு, வருகிற செப்டம்பரோடு எடுத்துவிடுகிறோம் என்று மூன்றே வரி. ஜூலையில் வந்து ஒருமுறை தலை எண்ணுவார்களாம். மூன்று வரிதானே என்று நாங்கள் நினைத்தோம். மிஸ் ஓர்லீனுக்கு அந்த மூன்று வரியில் நாற்பத்தோரு வருஷ வீடே போகப் பார்த்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அடுத்த நிறுத்தமோ ஒன்பது தெரு தள்ளி, மேட்டில். “கிளம்பி வந்திரும்மா” என்று அட்லாண்டாவிலிருந்து மகள் தினமும் அழைத்தாள். வீட்டை விலை பேச ஒருவன் நாடாவோடு வந்து அளந்துகொண்டிருந்தபோது, மிஸ் ஓர்லீன் தன் தோட்டத்தில் கடைசியாகக் காய்த்துச் சுருங்கிய ஒரு தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

அன்று மாலையே எர்னஸ்டீனின் சமையலறையில் கூடினோம். அறக்கட்டளையின் மானிய விண்ணப்பத்தை மேசையில் விரித்தோம். கலையால் ஒரு மூலையைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்கும் விண்ணப்பம் அது. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்டோம், ஒன்றைத் தவிர. ‘பாதுகாப்பு கூடியிருப்பதை எப்படி அளப்பீர்கள்?’

“போலீஸ் எத்தனை தடவை வருதுன்னு எழுதுங்க” என்றேன் நான்.

“நீ சும்மா இரு லியோடிஸ்” என்று என் வாயை அடைத்துவிட்டு, தலைவி அவர்கள் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: ‘எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணுவோம்.’

அறக்கட்டளை அம்மையாருக்காக ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் பேசுவது என்றால் உட்கார்ந்து கதையளப்பது அல்ல. எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்து, தலையசைத்து, “நல்லாருக்கீங்களா?” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் போனால், “அவ பேசாமப் போனா, பாத்தியா” என்று மூன்று தலைமுறைக்குச் சொல்வார்கள். பணம் இல்லாதவனை மன்னிப்போம், படிக்காதவனை மன்னிப்போம், பேசாமல் போனவனை மன்னிக்கவே மாட்டோம். அப்படிப்பட்ட இந்தத் தெருவில், மிஸ் ஓர்லீன் பதினாறு மாதம் என்னிடம் பேசாமல் இருந்தார். என் வராந்தாவைக் கடக்கும்போதெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார். என்ன காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மானியம் வந்தது. ஷரோண்டா ஏணி போட்டு ஏறினார். மருந்துக்கடைச் சுவரில் என்ன வரைந்தார்? பூவா? புறாவா? இல்லை. நம் தாய்மார்கள் தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் தொப்பிகளை வரைந்தார். ஊதாத் தொப்பி, இறகு வைத்த தொப்பி, பின்னால் உட்கார்ந்தவருக்குப் போதகரே தெரியாமல் மறைக்கும் அந்த மாபெரும் மஞ்சள் தொப்பி. “என்னுது ஏன் அவளுதைவிடச் சின்னதா இருக்கு?” என்று ஏணிக்குக் கீழே நடந்த சண்டையில் ஓவியம் இரண்டு அடி நீண்டது. ஒன்று சொல்கிறேன், அந்தச் சண்டைக்காகத்தான் ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஜனங்கள் இந்த மூலையில் வந்து நின்றார்கள்.

இப்போது டீக்கன். முகத்தை மூடாதீர்கள் டீக்கன், எல்லோரும் பார்க்கட்டும். பெஞ்சு செய்யும் பொறுப்பு அவருடையது. அற்புதமான பெஞ்சு, அசையாத பெஞ்சு. சனிக்கிழமை காலை கான்கிரீட் கலந்து, விலா எலும்புக் கறிக்கு மசாலாவை முதலில் தடவுவதா கடைசியில் தடவுவதா என்று என் மைத்துனரோடு வாதாடிக்கொண்டே, வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, போல்ட்டை இறுக்கினார். திங்கட்கிழமை கான்கிரீட் கல்லாகிவிட்டது. போய் உட்கார்ந்து பார்த்தால், முதுகு சாலைக்கு. முகம் எங்கள் வராந்தாக்களுக்கு. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தால் பஸ் தெரியாது. உலகத்தில் வேறு யாராவது இப்படி ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்களா?

அன்று மதியமே பஸ் நிர்வாகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அம்மா, பெஞ்சு திரும்பியில்ல இருக்கு?” என்றார்.

தலைவி அவர்கள் இமைகூடத் தட்டவில்லை. “தம்பி, இது கலை” என்றார். அவரும் தலையை ஆட்டி, அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்று நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் மறுநாள் செவ்வாய்க்கிழமை. நான்கு மணி. மிஸ் ஓர்லீன் வந்தார். கால் வலி, நிற்க முடியாது. உட்கார்ந்தார். உட்கார்ந்தால் எதிரே யார்? நான். என் வராந்தாவில், என் நாற்காலியில், என் தண்ணீர்க் கோப்பையோடு. பதினாறு மாதம் வானத்தைப் பார்த்தவருக்கு அன்று பார்க்க வேறு இடமே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால், அவருக்குத் தெரியாமல், முப்பத்தெட்டு வந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது. வாயைத் திறக்க எனக்குப் பயம். இருந்தாலும் எழுந்து நின்று கத்தினேன், “மிஸ் ஓர்லீன், பஸ் வருது.”

அவர் எழுந்தார். பையை மாட்டினார். இரண்டடி வைத்தவர் திரும்பினார். “பாத்துக்கிட்டுதான் இருக்கியா நீ?” என்றார். பேசிவிட்டார், தாய்மார்களே, பேசிவிட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்ச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் பஸ் வருவதை வராந்தாவில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்காக ஒருவர் நாற்காலியை வெளியே போட்டார். அவருக்குத் துணைக்கு இன்னொருவர் வந்தார். திரை விலகியது, கதவு திறந்தது, டிவி சத்தம் இறங்கியது. “பஸ் வருது” என்று இங்கே ஒரு குரல், “ரெண்டு தெரு தள்ளி சிக்னல்ல நிக்குது, மெதுவா எந்திரி” என்று அங்கே ஒரு குரல். இத்தனை கண்கள் பார்க்கும் இடத்தில் கைப்பையில் கை வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? பூட்டு கொடுக்காத பாதுகாப்பை, கேமரா கொடுக்காத பாதுகாப்பை, காவல் வண்டி கொடுக்காத பாதுகாப்பை, ஒரு தப்பான பெஞ்சு கொடுத்தது. ஜூலையில் தலை எண்ண வந்தார்கள். டீக்கன் ஒரே நாளில் மூன்று முறை ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மூச்சிரைக்க நடந்து திரும்பி வந்து, தலைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த மூன்றைக் கழித்தும் எண்ணிக்கை தேறியது. நிறுத்தம் இருக்கும் என்று இந்த வாரம் செவ்வாயன்று கடிதம் வந்தது. மிஸ் ஓர்லீன் அட்லாண்டாவுக்குப் போகிறார், ஆமாம், கிறிஸ்துமஸுக்கு. ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவார்.

கரண்டி உயர்கிறது, தெரிகிறது தலைவி அவர்களே. ஒரே ஒரு நிமிடம். நான் சொல்லவேண்டியதை இன்னும் சொல்லவில்லை.

போன வருஷம், நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஜனவரி. கொட்டும் பனி. நான்கு நிமிடம் தாமதமாக ஓட்டிக்கொண்டு வந்தேன். பலகைக்கு அடியில் ஆள் இல்லை. மருந்துக்கடை வாசலில் சாம்பல் நிறக் கோட்டில் ஒரு உருவம் கையை உயர்த்தியது. நான் பார்த்தேன். பலகைக்குக் கீழே நிற்பவர்தான் பயணி என்பது விதி. விதி என் பக்கம், கடிகாரம் என் பக்கம். நிறுத்தாமல் போய்விட்டேன். அன்று சிகிச்சை தவறி, மறுநாள் மிஸ் ஓர்லீனை ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் ஏன் அங்கே ஒண்டி நின்றார்? பயத்தால். அந்தப் பயம் எனக்குத் தெரியாதா? இதே மூலையில் குடியிருப்பவன் நான், எனக்கா தெரியாது? மிஸ் ஓர்லீன், அந்த வண்டியை ஓட்டியது நான்தான். இவ்வளவு நாள் சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்தேன். எல்லோர் முன்னாலும் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள்.

என்ன சொல்கிறார்? சத்தம் போடாதீர்கள், கேட்கவில்லை.

“தெரியும்யா. அந்தக் கோணல் தொப்பி இந்த ஊர்ல வேற எவன் தலையில இருக்கு? இல்லன்னா எதுக்குப் பதினாறு மாசம் ஆகாயத்தப் பாத்துக்கிட்டுப் போனேன்? கழுத்துதான் வலிச்சுது.”

கேட்டீர்களா? தெரிந்துதான் அந்தச் செவ்வாய்க்கிழமை என்னிடம் பேசினாராம். இதற்கு மேல் நான் என்ன பேச முடியும்? மானியம் தந்த கைகளே, சுவரில் ஏறிய தொப்பிகளே, வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்த டீக்கனே, வெளியே வந்த நாற்காலிகளே, உங்களுக்கெல்லாம் என் நெஞ்சார்ந்த நன்றி. ஒருவருக்குத் தெரியாமல் அவர் முதுகுக்குப் பின்னால் வருவதை, எதிரே இருப்பவர் வாய்விட்டுச் சொல்லும் தெருவில் நான் குடியிருக்கிறேன். இருபத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு நிறுத்தத்தை நான் கண்டதில்லை. இதோ, சிக்னலைத் தாண்டிவிட்டது. மிஸ் ஓர்லீன், பஸ் வருது.

வழி விடுங்கள், வழி விடுங்கள். டீக்கன், அந்தப் பையைப் பிடித்துக் கொடுங்கள். ஓட்டுநர் தம்பி, நிதானம், அவர் ஏறட்டும். படியில் கால் வைத்துவிட்டார். அட, திரும்பிப் பார்க்கிறார். என்ன மிஸ் ஓர்லீன்?

“நீ ஒத்துக்கிட்ட, நானும் ஒத்துக்கிறேன். சாலட்டுல திராட்சை போட்டது நான்தான். கிட்னிக்கு ஆகாதுன்னு நான்தான் அதைச் சாப்பிடக் கூடாதே, நீங்க சாப்பிடுங்க.”

கதவு மூடிவிட்டது, பெரியோர்களே. எல்லோரும் தட்டை நீட்டுங்கள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, போகும்போது ஒருவருக்கொருவர் பேசிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.