டம்ளர் காலியாவதற்குள்

காபியை ஆற்றி ஆற்றிக் குடிப்பவர்கள் எல்லாரும் பொறுமைசாலிகள் என்று நினைத்துவிடாதீர்கள், ஐயா. கடலூர், சிதம்பரம் கல்லூரி நூலகர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர், மாதம் ஒரு சனிக்கிழமை சிதம்பரத்தில் ஒரு ஓட்டல் மாடியில் கூடுவோம். ஒருவர் தன் நூலகத்துத் தலைவலியைச் சொல்வார். அவர் டம்ளர் காலியாவதற்குள் மற்றவர்கள் வழி சொல்லிவிட வேண்டும். வளவளப் பேச்சுக்கே இடமில்லை.

அந்த மேஜையில் எனக்கு நல்ல மவுசு. கரையானா, ஜமாலுதீனைக் கேள். புத்தகத்தைத் திருப்பித் தராத புரொபசரா, ஜமாலுதீனைக் கேள். வீட்டில் என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதனால் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அறுபத்து நாலாம் வருஷம் பிறந்ததும் பிரச்சினைகள் வற்றிப்போயின. வருவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள், வடை தின்பார்கள், பஸ் ஏறிவிடுவார்கள். எனக்கு மனசே சரியில்லை. ஆகவே ஒரு சின்ன உதவி செய்தேன். சிதம்பரத்தில் உங்கள் கல்லூரி நூலகர் வைத்திலிங்கத்தைப் பார்க்கப் போகும்போதெல்லாம், அவர் எனக்கு மோர் வாங்க வெளியே போகிற நேரத்தில், தாவரவியல் புத்தகங்கள் சிலவற்றைச் சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகிவைத்தேன். புத்தகத்தைத் தொலைக்க அதை வெளியே கொண்டுபோக வேண்டியதில்லை. இடம் மாற்றினால் போதும்.

அடுத்த கூட்டத்தில் அவர் புலம்பினார். "பரீட்ச நேரத்துல பசங்க மறைச்சு வச்சிருப்பானுங்க. சட்டப் பக்கம் பின்வரிசையப் பாருங்க" என்றேன், டம்ளரில் பாதிக் காபி இருக்கும்போதே.

"அங்கதான் இருந்துச்சு பாய். உங்களுக்கு மட்டும் எப்படித்தான் தோணுதோ" என்றார் அதற்கடுத்த மாதம். மேஜையே என்னைப் பார்த்தது.

பிறகு கொஞ்சம் ஜாஸ்தியாக, கொஞ்சம் விலை உயர்ந்த புத்தகங்களாக இடம் மாற்றினேன். சில்லறைப் பிரச்சினைக்குப் பதில் சொல்லி என்ன பெருமை.

போன மாதம் ஒரு புதன்கிழமை அவரே கடலூருக்கு பஸ் ஏறி வந்தார். மறுநாள் ஸ்டாக் சரிபார்க்க வருகிறார்களாம். அரிய பழைய பதிப்புகளைக் காணோமாம்.

"வேலை போயிடும் பாய். பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கேன். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றார்.

பாவமாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. எவ்வளவு நல்ல பதிலாக இருந்தாலும் ஒரே ஒரு ஆள் கேட்டால் அது வீண்தானே. "சனிக்கெழம எல்லாரும் இருக்கும்போது கேளுங்க" என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போய் வழியனுப்பினேன்.

சனிக்கிழமை சீக்கிரமே போய் உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை. புத்தகம் திருடினார் என்று வெள்ளிக்கிழமையே அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டீர்களாம். அப்புறம் கல்யாணமும் நின்றுபோய், குடும்பத்தோடு குறிஞ்சிப்பாடிக்குப் போய்விட்டாராம். எனக்குப் பெரிய ஏமாற்றம். அவ்வளவு நல்ல பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

இன்று பிரின்சிபால் நீங்களே என் அறை தேடி வந்து, அந்தப் புத்தகங்கள் எப்படிப் போயிருக்கும், உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்கிறீர்கள். கூடவே விசாரணைக் கமிட்டிக்காரர்கள் வேறு. இத்தனை பேர் காது கொடுத்துக் கேட்கும்போது எப்படிச் சொல்லாமல் இருப்பேன்? எல்லாம் உங்கள் நூலகத்துக்குள்ளேயே, கணிதப் பகுதியின் மேல்தட்டில், பின்வரிசையில் இருக்கின்றன. வைத்தவன் நான்தான்.

இனிமேல் இப்படி ஏதாவது வந்தால் தயங்காமல் வாருங்கள், ஐயா. உதவி கேட்டு வந்தவரை நான் ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.