தண்ணி நின்ன சாயங்காலம்

மனைவி: அந்த நாற்காலிய ஏன் மடக்குறீங்க? விரிச்சு வைங்க.

பிளம்பர்: காத்துல விழுந்துட்டே இருக்கு.

மனைவி: விழட்டும், தூக்கி வச்சுக்கலாம். மடக்கிட்டா வர்றவங்க எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்குவாங்க.

பிளம்பர்: ஆரம்பிச்சாத்தானே முடியறதுக்கு?

மனைவி: கிண்டலா?

பிளம்பர்: இல்ல தாயே. நாலு மணிக்கு வாங்கன்னு சொன்ன. அஞ்சாகப் போகுது. இந்த முற்றத்துல இருக்கிறது நீ, நான், ஒரு பூனை. அதுவும் கிளம்பிட்டிருக்கு.

மனைவி: ஏழு மாச வயித்தத் தூக்கிக்கிட்டு இந்தக் கட்டடத்துல ஒரு கதவு விடாம தட்டினேங்க. எல்லாரும் சிரிச்சாங்க. தலையாட்டினாங்க...

பிளம்பர்: புரிஞ்சு தலையாட்டினாங்களா, ஆளை அனுப்பினா போதும்னு ஆட்டினாங்களா?

மனைவி: மூணாம் மாடி அம்மாவுக்கு நம்ம பாஷை ஒரு வார்த்தை வராது. அவங்க பாஷை எனக்கு வராது. கீழ வாங்க, சாயங்காலம், டீ குடிக்கலாம்னு நடிச்சே காட்டினேன்.

பிளம்பர்: டீ குடிக்கிற மாதிரியா? எங்க, காட்டு.

மனைவி: இப்படி.

பிளம்பர்: போச்சு! தொண்டை வலிக்கு மருந்து கேக்குறேன்னு நெனச்சிருப்பாங்க.

மனைவி: சிரிக்காதீங்க... நானே அழுதுடுவேன் போல இருக்கு.

பிளம்பர்: சரி சரி, சிரிக்கல. கீழ் வீட்டு பஸ் டிரைவர் என்ன சொன்னார்?

மனைவி: அவர் ஒருத்தர்தான் நல்லாப் புரிஞ்சுக்கிட்டார். கதவைக் கால்வாசி திறந்து, "கூட்டம் வேண்டாம், சத்தம் வேண்டாம், நான் வராது"ன்னுட்டு சாத்திட்டார்.

பிளம்பர்: ரிட்டயர் ஆன மனுஷன். ஆயுசு பூரா ஹாரன் சத்தம் கேட்ட காது... விடு. நாம பேசி வச்சது ஞாபகம் இருக்குல்ல?

மனைவி: இருக்கு. யாரும் வரலைன்னா வீட்டைக் காலி பண்ணிட்டு உங்க அக்கா வீட்டுப் பக்கம் போயிடணும்.

பிளம்பர்: நான் என்ன ஆசைப்பட்டா சொல்றேன்? காலையில போனா ராத்திரிதான் வரேன். போன வாரம் தலை சுத்தி மாடிப்படியில உக்காந்திருந்தியே... ஒரு கதவு திறந்துச்சா?

மனைவி: நான் கூப்பிடலையே.

பிளம்பர்: ஏன் கூப்பிடல?

மனைவி: யாரைக் கூப்பிடுறது? ஒருத்தர் பேரு தெரியாது. "யாராவது வாங்க"ன்னு கத்த வெக்கமா இருந்துச்சு. அதனாலதான் இந்தக் கூட்டமே... அட, உங்களுக்குச் சொன்னா புரியாது.

பிளம்பர்: புரியுது, புரியுது. மூஞ்சியத் தொங்கப் போடாத. நீ போய் டம்ளர் எடுத்துட்டு வா. நான் மாமன் மருமகன் வீட்டுல இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாக்குறேன்.

மனைவி: எந்த மாமன் மருமகன்?

பிளம்பர்: ரெண்டாம் மாடி, ரொட்டிக் கடையில ராத்திரி வேலை பாக்குறவங்க.

மனைவி: அவங்க அண்ணன் தம்பிங்க!

பிளம்பர்: அதுவும் நமக்குத் தெரியாது பாத்தியா?

...

மனைவி: என்னங்க... இங்க வாங்க! டம்ளர் கழுவலாம்னு பாத்தா குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல.

பிளம்பர்: இல்லையா? காலையில நல்லாத்தானே வந்துச்சு.

மனைவி: குளியலறையிலயும் வரல. மேல் மாடியில யாரோ அவங்க பாஷையில கத்துறாங்க. தண்ணி வரலைன்னு கத்துறது மட்டும் எல்லா பாஷையிலயும் ஒரே மாதிரிதான் இருக்கு.

டிரைவர்: பிளம்பர் தம்பி! ஏ, பிளம்பர் தம்பி!

பிளம்பர்: ஐயோ, டிரைவர் சார். வாளியோட வர்றார்.

டிரைவர்: எங்க வீட்டுல தண்ணி நின்னு போச்சு. நீ பிளம்பர். உன் பொண்டாட்டி கூட்டம் போடுது. ரெண்டு பேரும் சேர்ந்து என்ன வேலை பண்ணீங்க?

பிளம்பர்: சத்தியமா நான் எதையும் தொடல சார்! இந்த முற்றத்துக் குழாய் தெருவுல இருந்து நேரா வருது, இதுல வரும். பிடிச்சுக்கோங்க.

டிரைவர்: இதுலயா? நூல் மாதிரி வருது.

மனைவி: நிறைய நேரமாகும் சார். அதுவரைக்கும் உக்காருங்க.

டிரைவர்: நான் கூட்டத்துக்கு வரல. வாளிக்கு வந்தேன்.

மனைவி: சரி, வாளிக்கே ஒரு நாற்காலி போடுறேன். நீங்க அதுக்குத் துணையா பக்கத்துல உக்காருங்க.

டிரைவர்: ...டீ இருக்கா?

மனைவி: இருக்கு. சர்க்கரை?

டிரைவர்: நிறைய.

பிளம்பர்: ஏய்... இந்தப் பக்கம் வா. வாளி தூக்க வந்த மனுஷன் இஸ்திரி போட்ட சட்டையில இருக்கார், பாத்தியா?

மனைவி: உஸ்! காதுல விழப்போகுது. அங்க பாருங்க, மூணாம் மாடி அம்மா... நாலு பிள்ளைங்க, ஆளுக்கொரு பாத்திரம்!

பிளம்பர்: பின்னாடியே ரொட்டிக்கடைக்காரங்க. ஒருத்தர் பாதி முகத்துல சோப்பு நுரையோட வர்றார்.

மனைவி: பாவம்! முதல்ல அவருக்கு ஒரு சொம்பு கொடுங்க. அட, மேல் மாடித் தாத்தாவும் இறங்கி வர்றார்!

டிரைவர்: முன்னாடி போங்க, முன்னாடி போங்க! படியில நிக்காதீங்க! பின்னாடி ஆள் வருதுல்ல?

மனைவி: டிரைவர் சார், உங்களுக்கு இவ்வளவு தமிழ் தெரியுமா?

டிரைவர்: பஸ்ல வந்த ஜனங்க சொல்லிக் கொடுத்தது. பாதி தமிழ், பாதி திட்டு. திட்டு இன்னும் நல்லா வரும். சொல்லவா?

மனைவி: வேண்டாம் சார், வயித்துல பிள்ளை இருக்கு!

பிளம்பர்: சரி, நான் போய் படிக்கட்டுக்குக் கீழ, கட்டடம் பூராவுக்கும் தண்ணி போற வால்வைப் பாத்துட்டு வரேன்.

மனைவி: இப்ப என்ன அவசரம்?

பிளம்பர்: தண்ணி வர வேண்டாமா?

மனைவி: வரும் வரும். நிதானமாப் பாருங்க...

பிளம்பர்: ஓ... சரி சரி. புரிஞ்சுபோச்சு.

மனைவி: எனக்கும்தான் புரிஞ்சுபோச்சு.

பிளம்பர்: அப்ப நான் பையத் திறந்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஸ்பேனரா துடைக்கிறேன். யாராவது கேட்டா பெரிய ரிப்பேருன்னு சொல்லு.

...

மனைவி: என்னங்க! துடைச்சது போதும், இந்தக் கூத்தைக் கேளுங்க. அவங்க நிஜமாவே மாமனும் மருமகனுமாம்!

பிளம்பர்: நான் சொன்னேன்ல!

மனைவி: சும்மா அடிச்சுவிட்டது பலிச்சுப்போச்சு, பெருசா பேசாதீங்க. மாமா மாடிக்குப் போய் ஒரு கூடை ரொட்டி கொண்டு வந்துட்டார். தாத்தா அதை டீயில முக்கித் தின்னுட்டு, இன்னொண்ணு எடுக்கிறப்ப யாரும் பாக்குறாங்களான்னு சுத்திப் பாக்குறார்.

பிளம்பர்: பிள்ளைங்க?

மனைவி: டிரைவர் சார் நாற்காலிய எல்லாம் வரிசையாப் போட்டு பஸ் ஓட்டுறார். சத்தம் வேண்டாம்னவர் வாயாலயே ஹாரன் அடிக்கிறார்!

பிளம்பர்: உன் கண்ணு ஏன் கலங்கியிருக்கு?

மனைவி: மூணாம் மாடி அம்மா... என் வயித்துல கைய வச்சுப் பாத்தாங்க. அப்புறம் அவங்க பிள்ளைங்களைக் காட்டி, நாலு விரலைக் காட்டி, "நாலு பெத்தவ நான்"ங்கற மாதிரி நெஞ்சுல தட்டிக்கிட்டாங்க.

பிளம்பர்: ம்...

மனைவி: அப்புறம் மேஜையில டொக் டொக்னு தட்டினாங்க. எனக்குப் புரியல. மறுபடியும் தட்டி, மேல அவங்க வீட்டைக் காட்டி, தூங்குற மாதிரி தலையச் சாய்ச்சு, படக்குன்னு முழிச்சு, கதவைத் திறக்கிற மாதிரி...

பிளம்பர்: எந்த நேரம்னாலும் வந்து தட்டுன்னு சொல்றாங்க.

மனைவி: ஆமாங்க. பேரையும் சொன்னாங்க. மூணு தடவை சொல்லிப் பாத்தேன். மூணு தடவையும் தப்பாச் சொன்னேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க.

பிளம்பர்: அப்ப... அக்காவுக்கு போன் பண்ணி, நாங்க வரலைன்னு சொல்லிடவா?

மனைவி: சொல்லிடுங்க. பிள்ளையப் பாக்க அவங்களை இங்க வரச் சொல்லுங்க.

...

பிளம்பர்: எல்லாரும் மேல போயாச்சு. இப்பவாவது தண்ணிய விடலாமா மகாராணி?

மனைவி: விடுங்க. நான் ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சுங்க. அக்கா வீட்டுப் பக்கம் போகணும்ங்கற உங்க பேச்சே தோத்தாலும் பரவாயில்லைன்னு எனக்காக இதைப் பண்ணீங்களே.

பிளம்பர்: எதை?

மனைவி: போதும், நடிக்காதீங்க. வால்வை மூடினதைத்தான்.

பிளம்பர்: நானா? நீதானே மூடின! இந்த வயித்தோட படிக்கட்டுக்குக் கீழ குனிஞ்சிருக்கியேன்னு நான் பதறிப்போய், வெளியில காட்டிக்காம இருந்தேன்.

மனைவி: என் செருப்பையே நீங்கதான் மாட்டி விடுறீங்க, நான் எங்க போய்க் குனியறது?

பிளம்பர்: விளையாடாத. நீ மூடல?

மனைவி: இல்லங்க. நீங்களும் மூடல?

பிளம்பர்: இல்லன்னு சொல்றேன்ல! பாரு, இறுக்கி மூடியிருக்கு. தானா மூடிக்குமா இது?

டிரைவர்: தம்பி, இடது பக்கம் திருப்பு. கொஞ்சம் கஷ்டமா இருக்கும். நான் பலமா மூடிட்டேன்.

பிளம்பர்: சார்... நீங்களா?

மனைவி: நீங்கதான் கூட்டமே வேண்டாம், வரமாட்டேன்னு சொன்னீங்களே!

டிரைவர்: சொன்னேன்ல, அதான் கஷ்டமாப் போச்சு. ஜன்னல் வழியாப் பாத்துட்டே நின்னேன். நாற்காலி எல்லாம் காலி, நீ திரும்பத் திரும்பத் துடைச்சிட்டிருந்த. வெளிய வரணும்னு இருந்துச்சும்மா. ஆனா வராதுன்னு சொன்ன வாயோட சும்மா எப்படி வர்றது... வாளியோட வந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்ல?