வலது இறக்கை

— பத்தே காலுக்கு பிளேனு மேல ஏறிச்சி யக்கா. பதினொண்ணு அஞ்சிக்கு உங்க கொல்லையில வுயுந்துட்ச்சி. அம்பது நிமிசம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல பறக்கற பெட்ரோலு அதுல இருந்திச்சி.

— நா இன்னாத்த கண்டேன் நைனா. களை எடுத்துகினு இருந்தேன்.

— வேம்புலியக்காதான் மொதல்ல ஓடிச்சின்னு டீக்கடையில சொன்னாங்க.

— டீக்கடையில குந்திகினு இருந்தவன் எங்க ஓடி வந்தான், நா ஓடனத பாக்க? நீ யாரு, போலீசா?

— தங்கவேலு. பிளேனுக்கு பெட்ரோல் ஊத்தறவன். குமணன்சாவடிதான் நம்ம ஊடு.

— போலீசு இல்லன்னா குந்து.

— பைலட்டு சம்பத் சாரு. தனியாத்தான் போனாரு. பெங்களூர் ரோட்ல எறக்கப் பாத்திருக்காரு, முடியல. அவுரு செத்ததுக்கு நாந்தான் காரணம்னு சொல்றாங்க.

— நீ இன்னா பண்ண?

— ரெண்டு றெக்கையிலயும் டேங்கு கீது. அன்னிக்கி சோத்தாங்கை பக்கம் வழிய வழிய ரொப்பிட்டேன். பீச்சாங்கை பக்கம் கொஞ்சந்தான் கெடந்திச்சி, அதுக்குள்ள டிரம்மு காலி. உள்ள பெட்ரோல் அளவு காட்ற முள்ளு வேலை செய்யாது. குச்சிய வுட்டு எடுத்து, எவ்ளோ ஈரம்னு பாப்போம். பைலட்டும் பாக்கணும், அதான் வழக்கம். சாரு பாக்கல. நீ சொன்னா போதும்டான்னாரு.

— நம்பிக்கீறாரு.

— சோத்தாங்கை டேங்குல ஓட்டுங்க சார்னு சொன்னேன். தலைய ஆட்னாரு. கால்கிட்ட ஒரு கொயா கீது, எந்த டேங்குல ஓடணுமோ அத்த அந்தப் பக்கம் திருப்பணும். திருப்பல. மறந்துட்டாரு யக்கா. அவ்ளோதான் நடந்தது.

— அத்த போய் சொல்லு.

— சொன்னேன். ரெண்டு டேங்கும் காலி, கொயா எந்தப் பக்கம் இருந்தா இன்னான்றாங்க. பெட்ரோல வித்துத் துன்னுட்டேன்னு கேசு. சாரோட அம்மா எங்கிட்ட வந்து, ஒரு டின்னு பெட்ரோலுக்காப்பான்னு கேட்டாங்க. அயுதாக்கூட பரவால்ல.

— வெயில்ல வந்துகீற. மோர் கரைக்கவா?

— வாணாம். உங்க தெருவுல அந்தப் பொம்பள பேபி ஊட்டுக் கூரை எப்டி எரிஞ்சிது?

— வெளக்கு சாஞ்சிட்ச்சி.

— சாஞ்சா எரியும். வெடிக்குமா?

— வெடிச்சிதுன்னு எவன் சொன்னான்?

— பேபியே சொல்லிச்சி. கையில கட்டு போட்டுகினு குந்திகினு கீது. யக்கா, வெளக்குல ஊத்துனது செகப்பா இருந்திச்சா?



— சர்பத்து கணக்கா இருந்திச்சி. கிஷ்ணாயில்னு நெனச்சிட்டோம் நைனா. ரேசன்ல மூணு வாரமா கெடையாது. முனியன்தான் றெக்கையில டியூப வுட்டு உறிஞ்சான். வாய் வெந்து ரெண்டு நாளு சோறு துன்னல. ஊட்டுக்கு ஒரு கொடம்னு புடிச்சோம்.

— மீதி கீதா? ஒரு பாட்டில் போதும்.

— பேபி ஊடு பத்திகினதும் பயந்துகினு எல்லாத்தையும் பள்ளத்துல கொட்டிட்டோம். கொடத்தையெல்லாம் சாம்பல் போட்டு தேச்சிட்டோம்.

— டேங்கு மூடி?

— அப்பவே திருகி மூடிட்டோம்.

— அத்த ஏன் மூடுனீங்க?

— அட்த்தவங்க பொருளு. தொறந்து போட்டுட்டா வர முடியும்?

— மூடி தொறந்து கெடந்திருந்தா யாரோ எடுத்துட்டாங்கன்னு நம்பியிருப்பானுங்க.

— எங்களுக்கு இன்னா தெரியும்.

— நாளிக்கி பத்து மணிக்கு விசாரண. நீ வந்து, டேங்குல இருந்திச்சி, நாங்க எடுத்தோம்னு சொன்னா போதும்.

— எங்க தெருவையே உள்ள வெப்பான்.

— கிஷ்ணாயில்னு எடுத்ததுக்கு கொஞ்சம் திட்டுவான், அனுப்புவான். நானும் பக்கத்துல நிப்பேன். நீ சொல்லலன்னா எனக்கு ஆளே கெடையாது யக்கா. கால்ல வேணா வுயறேன்.

— எந்திரி. எந்திரின்றேன். நா கேசுக்கு பயந்துகினு வரமாட்டேன்றேன்னு நெனக்கிறியா?

— வேற இன்னா?

— கேள்வி கேப்பாங்கல்ல? எத்தினி மணிக்கி புடிச்சீங்க, எவ்ளோ நேரம் புடிச்சீங்கன்னு.

— கேப்பாங்க. நடந்தத சொல்லு. அதுல இன்னா கீது?

— அத்தினி கொடமும் ரொம்பற வரிக்கும் அந்தப் பைலட்டுப் புள்ள உள்ள முனவிகினு இருந்திச்சி நைனா. அத்தயும் சொல்லணுமா?